கை படாத நாற்பத்தெட்டு நாள்

டிசம்பர் 27, 2024 – வெள்ளி

ஆண்டு முடிகிற வாரம் வந்தால் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு ஆட்கள் கூடிவிடுவார்கள். விடுமுறையில் பேட்மின்டன் ஆடி முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அலமாரியை நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். இன்று பதினொரு பேர். அதில் ஆறு பேருக்கு எஃகுத் தகட்டால் தேய்த்துவிட்டேன்.

மலாய்க்கார அக்கா ஒருவர் தகட்டைப் பார்த்ததும், காய்ச்சலுக்கு அவருடைய அம்மா நாணயத்தால் முதுகைச் சுரண்டுவாரே, அதுதானே என்றார். அவருக்கு முன்னால் வந்த சீன அங்கிள், அவர்களுடைய சுரண்டல் வைத்தியமான குவாஷா என்றார். இரண்டும் இல்லை என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோல் சிவக்க வேண்டும் என்பதற்காகச் சுரண்டுவதல்ல இது. தோலுக்கடியில் இறுகி ஒட்டிக் கிடக்கிற இடத்தைத் தேடிப்போய் இளக்குவது. இளக்கிய கையோடு அந்த இடத்தை நீட்டி, மடக்கி, வேலை வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் தகட்டை மட்டும் நம்பினால் மறுவாரம் அதே வலியோடு வந்து நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார். தைப்பூச விரதம் தொடங்கி இரண்டாவது நாள். வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டே சொன்னார்:

"பிரிக்பீல்ட்ஸ்ல ஊரான் முதுகெல்லாம் சுரண்டுற. வீட்டுல ஒருத்தன் தோளப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான், கண்ணுக்குத் தெரியல."

திரும்பிப் பார்த்தேன். கிண்டல்தான். ஆனால் கேட்டுவிட்டாரே. இவர் என்னிடம் ஏதாவது கேட்டு எத்தனை வருடம் இருக்கும்?

டிசம்பர் 29 – ஞாயிறு

இன்று பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியான சொல்தான். தொடவில்லை.

கை நீட்டியதும் நாற்காலியோடு நகர்ந்துவிட்டார். "கை வேணாம் மலர். விரதம்."

"வைத்தியத்துக்குத்தாங்க."

"எதுக்கா இருந்தா என்ன? கை கைதான். இந்த வருஷம் கொஞ்சம் சுத்தமா இருக்கணும்."

"கிளவுஸ் போட்டுக்கிறேன்."

"கிளவுஸுக்குள்ள என்ன இருக்கு, காலா?" என்று சிரித்தார். "இரும்பு படலாம். அதால செய்யி."

மூன்று வருடக் காவடி நேர்த்தியில் முதல் இரண்டு வருடமும் இப்படி இல்லை. தனியாகப் படுப்பார், தரையில் பாய் விரித்துப் படுப்பார், அவ்வளவுதான். தட்டை வாங்கும்போது விரல் பட்டால் பெரிதுபடுத்தியதில்லை. இந்த வருடம் தட்டைக்கூட மேசையில் வைக்கச் சொல்கிறார்.

காரணம் கேட்கவில்லை. விரதம் இல்லாத நாளில் மட்டும் என்ன வாழ்கிறது? ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது என்று ஆளுக்கொரு அறை ஆகி எட்டு வருடம். சண்டை கிடையாது. ஒரு நாளும் சண்டை கிடையாது.

வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மார்பைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் வேசலினைத் தகட்டின் முனையாலேயே எடுத்துத் தடவினேன். தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் வைத்து இழுத்ததும் நறநறவென்று மணல் தட்டுவது மாதிரி இருந்தது. இருபது வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் முதுகு. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை வழியே இரண்டு கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி எட்டு மணி நேரம். கழுத்து இறுகாமல் என்ன செய்யும்?

பத்து நிமிடம். கையைத் தூக்கச் சொன்னேன். காதை ஒட்டித் தூக்கினார்.

"அட," என்றார்.

எங்கள் தொழிலில் முதல் பாடம்: முதலில் கை, பிறகு கருவி. இரண்டு தோளையும் முன்பக்கம், பின்பக்கம், காறையெலும்பின் குழி, அக்குள் என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் தகடு. தகடு இறுக்கத்தைச் சொல்லும். அது எதனால் வந்த இறுக்கம் என்பதை விரல்தான் சொல்லும்.

சரி, தெரிந்த தோள்தானே. தெரிந்த வேலையால் வந்த வலிதானே.

ஜனவரி 3, 2025 – வெள்ளி

இன்றும் பதினைந்து நிமிடம். வலி பாதிதான் என்கிறார்.

ஜனவரி 8 – புதன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. காத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில், கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும் வரைக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்துக்கொண்டு வருகிறேன்.

முதுகைக் காட்டி உட்கார்ந்தால் இவருக்குப் பேச்சு வருகிறது. முகம் பார்த்தால் வராது போல. இன்று கிரேனில் இருந்து பார்த்த மழையைப் பற்றிச் சொன்னார். கடல் பக்கத்திலிருந்து சுவர் மாதிரி வருமாம். கீழே இருக்கிறவர்களுக்குத் தெரிவதற்குள் இவருக்குத் தெரிந்துவிடுமாம். ரேடியோவில் சொல்வாராம், யாரும் நம்ப மாட்டார்களாம். "நனைஞ்சதுக்கு அப்புறம் பாஸ் பாஸ்னு கூப்புடுவானுங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார். தகடு வழுக்கி முதுகில் ஒரு கோடு விழுந்தது. "ஏய், ரோடு போடுறியா?" என்றார்.

இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது எப்போது?

விரதத்தில் இருப்பவரை வைத்து நான் சந்தோஷப்படலாமா, தெரியவில்லை.

ஜனவரி 14 – செவ்வாய் – பொங்கல்

மகள் தாமரை ஷா ஆலம் கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள். இவருடைய அக்கா ராஜம்மா பந்திங்கிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்துமாய் வந்து இறங்கினார். அப்பா அம்மா போன பிறகு இவருக்கு எல்லாமே அக்காதான். விரதம், நேர்த்தி என்று வந்தால் அவர் வைத்ததுதான் சட்டம்.

தம்பியைப் பார்த்ததும், "எளச்சிட்டியேப்பா" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரே பெருமை.

"விரதம்னா எளைக்காம? ஒரு வேளை சோறுக்கா. சிகரெட்டும் வுட்டாச்சு."

"முகத்துல களை வந்துருச்சு பாரு மலர். சாமி எறங்கிட்டா இப்படித்தான்."

நானும் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலரில் இரண்டு விரல் போகிற இடைவெளி. அழகாகத்தான் இருந்தார்.

தாமரை அப்பாவின் முதுகில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, டொமெஸ்டிக் வயலன்ஸா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மூன்று வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் லோரி இடித்து ஐந்து நாள் கண் திறக்காமல் கிடந்த பிள்ளை. அவளுக்காகத்தான் மூன்று வருடக் காவடி. இது கடைசி.

ஜனவரி 20 – திங்கள்

மதியம் சாப்பிடும்போது ரோசலினிடம் சொன்னேன். என்னைவிட எட்டு வயது மூத்தவள், இந்த மையத்தை என்னோடு சேர்ந்து தொடங்கியவள். இவருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதாம், கழுத்து நரம்பாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"கையால பாத்தியா?"

"விரதம். தொடக்கூடாதாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தொடாம மூணு வாரமா தகடு போடுறியா? வேற யாராச்சும் நம்ம சென்டர்ல செஞ்சா நீ என்ன சொல்லுவ?"

"அவர் தோள் எனக்குத் தெரியும் ரோசலின்."

"தெரிஞ்ச தோள்னாலதான் சொல்றேன். எக்ஸ்ரே எடுத்துரு. உங்க முருகன் எக்ஸ்ரே வேணாம்னு சொல்ல மாட்டாரு."

வீட்டுக்கு வந்து, புது நோயாளிகளிடம் கேட்கிற கேள்வித்தாளை எடுத்து வைத்துக் கேட்டேன். காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா?

"காரணம் இருக்கே. விரதம்."

ராத்திரியில் வலி எழுப்புகிறதா?

"வெறும் தரையில தலகாணி இல்லாம படுத்துப் பாரு. உன்னையும் எழுப்பும்."

இருமல்?

"சிகரெட்ட வுட்டா இருமல் வரும்னு போர்ட்ல எல்லாப் பயலும் சொல்றான்."

அசதி? கேட்கவே இல்லை. ஒருவேளைச் சாப்பாட்டில் யாருக்குத்தான் அசதி இருக்காது? எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று போட்டேன்.

எக்ஸ்ரே பற்றிச் சொன்னேன். "பூசம் முடியட்டும். இப்பப் போனா டாக்டர் காவடி தூக்காதேம்பான்" என்றார். மூன்று வாரம்தானே.

ஜனவரி 29 – புதன்

சீனப் புத்தாண்டு, மையம் விடுமுறை. பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்துச் செய்தேன். வலது கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருப்பது போல இருந்தது. கேட்டதற்குத் தூக்கமில்லை என்றார்.

பிப்ரவரி 11 – செவ்வாய் – தைப்பூசம்

தூக்கிவிட்டார்.

பத்துமலைப் படியில் நான் பின்னால், தாமரை பக்கத்தில், ராஜம்மா அக்கா முன்னால் "வேல் வேல்" என்று வழி விலக்கிக்கொண்டு. போன வருடம் பாதிப் படியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார், நான்கு பேர் தாங்கிப் பிடித்தார்கள். இந்த வருடம் உட்காரவில்லை. காவடியை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினார், பிறகு மாற்றவே இல்லை. மேலே போய் இறக்கிய பிறகு வலது கையில் பால் செம்பைக் கொடுத்தார்கள். பிடி நிற்காமல் நழுவியது. தாமரை பிடித்துக்கொண்டாள்.

அழுதுகொண்டிருந்தார். நானும்தான். ஒரே காரணத்துக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் செம்பு நழுவியபோது சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 14 – வெள்ளி

மூன்றாம் நாள் இடும்பன் பூசை. விரதம் விட்டாயிற்று. அக்கா பந்திங் பஸ் ஏறிவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கை வைக்கலாம்."

இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு அப்புறம். இரண்டு தோளிலும் ஒன்றாக வைத்தேன். விரல்கள் தாமாகவே தங்கள் வழியில் போயின — கழுத்து, தோள் மேடு, முன்பக்கம், காறையெலும்பின் குழி.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வலது குழியில். புளியங்கொட்டை அளவு. கல் மாதிரி. நகரவில்லை.

"என்ன, நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்லங்க."

இடது தோளைப் பத்து நிமிடம் பிடித்துவிட்டேன். வலியே இல்லாத தோளை. கைகளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. "நல்லா இருக்கு மலர்" என்றார். "இரும்ப விட இது நல்லா இருக்கு."

பிப்ரவரி 17 – திங்கள்

எக்ஸ்ரே. வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளை.

பிப்ரவரி 28 – வெள்ளி

எல்லாச் சோதனையும் முடிந்து இன்று உட்கார வைத்துச் சொன்னார்கள். நுரையீரலின் நுனியில் வளர்ந்து, அங்கே போகிற கை நரம்புகளை நெரிக்கிற கட்டி. அதனால் தோளிலும் சுண்டுவிரலிலும் வலி. அதனால்தான் இமை தாழ்ந்தது. கழுத்தின் நிணநீர்க் கணுவுக்கும் வந்துவிட்டதால் அறுவை சிகிச்சை இல்லை. மருந்து, கதிர்வீச்சு.

புத்தகத்தில் படித்திருக்கிறேன். 'தோள் வலி என்று வரும், தசை என்று நினைத்துவிடாதே' என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கும். பரீட்சையில் வந்தது. எழுதினேன். மதிப்பெண் வாங்கினேன்.

டாக்டர் இளம் பெண். இதுவரை யாரிடம் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வீட்டுலதான், எண்ண தேச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

இவர் வெளியே போன பிறகு நான் திரும்பி உள்ளே போனேன். டிசம்பரில் தெரிந்திருந்தால்?

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அந்தக் கணு அப்போது இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

இருக்கலாம். இருக்கலாம். இந்த ஒரு சொல்லோடு நான் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன்?

மார்ச் 9 – ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வலது கைக்குப் பிடி போய்விட்டதால் நகவெட்டியை அழுத்த முடியவில்லை. நான் வாங்கி வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கை முடிந்து வலது கையில் இரண்டாவது விரல். அப்போதுதான் சொன்னேன். முதலில் கை, பிறகு கருவி. கை வைத்திருந்தால் தட்டுப்பட்டிருக்கலாம். கேள்வித்தாளில் நான் போட்ட 'இல்லை'களையும் சொன்னேன். இமையையும் சொன்னேன். ரோசலின் சொன்னதையும்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கேட்டார்:

"இது உங்க பாடத்துல இருக்கா?"

"இருக்கு. மொதப் பாடம்."

"சென்டருக்கு வர்றவன் ஒருத்தன், கை வைக்காதே, இரும்பால மட்டும் செய்யின்னா என்ன செய்வ?"

"செய்ய மாட்டேன். டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்."

"அப்ப நான் சொன்னா மட்டும் ஏன் கேட்ட?"

பதில் இருந்தது. சொல்லவில்லை. நீங்க என்னைக் கேட்டீங்களே, எட்டு வருஷத்துல மொத தடவ உங்களுக்கு நான் தேவைப்பட்டேனே, கை வச்சுத்தான் தீருவேன்னு நின்னா அந்தப் பதினஞ்சு நிமிஷமும் போயிருமேன்னு பயந்தேன் — இத எப்படிச் சொல்ல? பொண்டாட்டியா ஆசப்பட்டேன், அதனால வைத்தியம் மறந்துட்டேன்னா?

கையை இழுத்துக்கொண்டார். மூன்று விரலில் நகம் அப்படியே இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 15 – சனி

பேசவில்லை. மருத்துவமனைக்குக் காரில் போகிற முக்கால் மணி நேரமும் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 22 – சனி

பேசவில்லை. இன்று சாப்பாட்டைத் தாமரையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவளுக்கு ஏதோ புரிகிறது. "என்னம்மா செஞ்ச?" என்று கேட்டாள். அவளுக்கும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடாமல்.

மார்ச் 31 – திங்கள் – நோன்புப் பெருநாள்

பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் லெமாங் சோறும் ரெண்டாங் கறியும் கொடுத்தார்கள். இவரால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். இடது கையால்தான் தூக்கி வைக்க முடிகிறது.

"மிச்ச நகத்த வெட்டிரு."

நகவெட்டியை எடுத்து வந்தேன்.

"கோவம் போகல" என்றார். "நகம் வளந்துருச்சு. அதான்."

மூன்று விரல். முடிந்தவரை மெதுவாக வெட்டினேன்.

ஜூன் 12 – வியாழன்

கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம். தோலெல்லாம் கறுத்துவிட்டது. கட்டி சுருங்கவில்லை. மாத்திரைக்கு அடங்காத வலி.

இன்று பிற்பகல் கேட்டார்: "அந்த இரும்ப எடுத்துட்டு வா. ஒரு பத்து நிமிஷம் போடு. அது போட்டா ரெண்டு மணி நேரம் கேக்கும்."

"அங்க போடக்கூடாதுங்க."

"நான்தானே சொல்றேன்."

"போட மாட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, உதட்டோரத்தில் பழைய கிண்டல் கொஞ்சம் எட்டிப் பார்க்க: "கேக்கக்கூடாதப்ப கேட்ட. கேக்க வேண்டியப்ப கேக்க மாட்டேங்குற. நல்ல பொண்டாட்டி லா நீ."

சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னால் செய்ய முடியாத ஒரே வேலையாக என் வேலையே ஆகிவிட்டது.

ஜூலை 6 – ஞாயிறு

கிரேன் தோழர்கள் நாகையாவும் தனேஷும் வந்தார்கள். மழை வருகிறது என்று ரேடியோவில் சொல்ல ஆளில்லாமல் தினமும் நனைகிறோம் என்றார்கள். இவர் சிரித்தார், சிரிப்பு இருமலானது. அவர்கள் போன பிறகு, "மூணு வருஷமும் முடிச்சிட்டேன் இல்ல?" என்று கேட்டார். முடிச்சிட்டீங்க என்றேன். "ஜனவரியில நீ எக்ஸ்ரேக்கு இழுத்துட்டுப் போயிருந்தா காவடி நின்னுருக்கும். அதுக்கும் உன்மேல கோவப்பட்டிருப்பேன்."

மன்னிப்பா இது? கேட்கவில்லை. மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டால், அவர் கொடுக்காததை எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

காலை பத்து நாற்பது.

செப்டம்பர் 22 – திங்கள்

மையத்துக்குப் போனேன். ரோசலின் ஒன்றும் கேட்கவில்லை. 'நான்தான் சொன்னேனே' என்று அவள் ஒருநாள் சொல்வாள் என்று ஏழு மாதமாகக் காத்திருக்கிறேன். சொல்ல மாட்டாள் போல. சொன்னால் தேவலை.

முதல் ஆள், கணினி வேலை செய்கிற பையன்களில் ஒருவன், தோள்வலி. கையை வைத்தேன். நான்கு நிமிடம், ஐந்து, ஆறு. "ஆன்டி, ஏதாச்சும் பிரச்சனையா?" என்று பயந்துவிட்டான். ஒன்றுமில்லை, வெறும் தசைதான் என்றேன். சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 20 – திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை.

பிப்ரவரி 1, 2026 – ஞாயிறு – தைப்பூசம்

துக்கம் நடந்து வருடம் திரும்பாத வீடு, கோயிலுக்குப் போகக்கூடாது. வெளியே தெரு முழுக்க மஞ்சள் உடுப்பில் ஆட்கள் கொமுட்டர் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு ராஜம்மா அக்கா வந்தார். சொல்லாமல் வந்தார். அவருக்கும் இன்று போக இடமில்லை. இந்த ஆறு மாதத்தில் பாதியாகிவிட்டார். இட்லி வைத்தேன். தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி உங்கிட்டச் சொன்னானா?"

"என்னக்கா?"

"நான்தான் சொன்னேன்னு."

எனக்குப் புரியவில்லை. அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார். போன தடவைக்கு முந்தின தடவை, பாதிப் படியில அவன் மயங்கி உக்காந்தானே மலர், அப்பவே என் மனசுல பட்டுச்சு, வீட்டுல சுத்தம் பத்தல, அதான் சாமி தள்ளுதுன்னு. கடைசி வருஷம், புள்ள உசுருக்கு வேண்டிக்கிட்டது, குறை வைக்கக் கூடாதுன்னு கூப்பிட்டுச் சத்தியம் வாங்குனேன். நாப்பத்தெட்டு நாளும் பொண்டாட்டி கை மேல படக்கூடாதுன்னு. அவன் சிரிச்சான். அதெல்லாம் எதுக்குக்கான்னான். நான் விடல. என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன்.

"கருமாதியன்னிக்குத் தாமரை அழுவுறப்ப வாய் தவறிச் சொல்லிருச்சு. கை வச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்னு. அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல மலர். நெசமா? உன் கை பட்டிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தது கோபம். காது சூடாகிற கோபம். அந்த நாற்காலி நகர்ந்த சத்தம், மேசையில் வைக்கச் சொன்ன தட்டு. நான் அதையெல்லாம் என்னை வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, இரும்பு மட்டுமாவது கிடைத்ததே என்று வாங்கிக்கொண்டேனே. அவர் ஒருபோதும் அக்காவைச் சொல்லவில்லை. என்மேல் மூன்று வாரம் பேசாமல் இருந்தபோதுகூடச் சொல்லவில்லை. 'நான் சொன்னா மட்டும் ஏன் கேட்ட' என்றுதான் கேட்டார். நான் சொன்னா. நான்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. தம்பியைத் தூக்கி வளர்த்த கை முந்தானையைக் கிழித்துவிடும் போல முறுக்கிக்கொண்டிருந்தது.

ஆமாக்கா என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

"தெரிஞ்சிருக்காதுக்கா" என்றேன்.

"நெசமாவா?"

"கட்டி உள்ள, விலா எலும்புக்குக் கீழ இருந்துச்சு. அப்ப வெளிய ஒண்ணுமே வரல. யாரு கை வச்சாலும் தட்டுப்பட்டிருக்காது. தாமரைக்கு என்ன தெரியும், சின்னப் புள்ள."

"டாக்டர் சொன்னாங்களா?"

"டாக்டரும் சொன்னாங்க. எனக்கே தெரியும்கா. பத்தொம்பது வருஷமா இதே வேலதானே செய்றேன்."

சிறு குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவி வந்தார். இட்லி ஆறிவிட்டது, வேறு வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அதையே நான்கும் சாப்பிட்டார். கூடத்தில் ஒருக்களித்துப் படுத்தவர் உடனே தூங்கிப்போனார். மின்விசிறியைக் குறைத்தேன். கதவைத் திறந்து பார்த்தேன், மஞ்சள் உடுப்புக் கூட்டம் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

இப்போது மணி பன்னிரண்டு. அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை. தாமரை வருவதற்குள் அவளுக்கு ஃபோன் செய்து சொல்ல வேண்டும், அத்தை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று.